படம் முந்திய உவமை: குறுந்தொகை 40உம் படவில்லை அசைவூட்டமும்

புலம்பெயர் தமிழ் வகுப்புகளிலும் கருத்தரங்க அரங்குகளிலும் விரும்பித் திரையிடப்பெறும் சங்கப் பாடல்களுள் குறுந்தொகையின் 40ஆம் பாடல் ஒன்று. செம்மண் நிலத்தில் மழை பொழியும் ஒளிப்படம் பவர்பாயிண்ட் படவில்லை முழுவதும் விரிந்திருக்க, அதன்மேல் வெண்ணிற எழுத்துகளில் அடிகள் ஒவ்வொன்றாக வந்து அமர்வதே வழக்கமான அமைப்பு. கண்ணுக்கு இனிய இவ்வேற்பாடு பாடலின் வைப்புமுறையைக் குலைத்துவிடுகிறது.

பிரிவை எண்ணி அஞ்சும் தலைவிக்குத் தலைவன் கூறும் மறுமொழியாக அமைந்த இப்பாடல் ஐந்தடியினது. முதல் மூன்றடிகளும் வினாக்கள். தாயர் இருவரும் ஒருவர்க்கொருவர் யார், தந்தையர் எம்முறைக் கேளிர், காதலர் எவ்வழி அறிந்தனர் என்பனவே அவை. அங்கு நிலமும் இல்லை, மழையும் இல்லை. நான்காம் அடியில்தான் உவமை நுழைகிறது; உறவுமுறையால் விடைகாண இயலாத வினாவிற்கு இயற்கை விடைதருகிறது. அவ்வுவமையாலேயே புலவர் செம்புலப்பெயனீரார் எனப் பெயர் பெற்றார். பின்னணிப் படமோ முதல் நொடியிலேயே விடையைக் காட்டிவிடுகிறது. உவமை வந்து சேரும்போது, பார்வையாளர் அதனைப் படத்தின் விளக்கக்குறிப்பாகவே படிக்கிறார்.

பாடலுக்குத் தனக்கேயுரிய காலக்கணக்கும் உண்டு. நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி முச்சீரால் அமைவது. உவமை அமைந்திருப்பதும் அவ்வடியிலேயே. செவி எதிர்நோக்கும் நான்காம் சீர் வாராத சிறு வெற்றிடத்தின்பின் இறுதியடி தொடங்குகிறது. மென்பொருள் அறிந்த அலகுகள் பத்தி, சொல், எழுத்து என்பன. சீரை அது அறியாது. இடைவெளி கண்ட இடமே அதற்குச் சொல்லெல்லை. ஆகவே சீர்பிரித்த பாடத்தை உள்ளிட்டுச் சொல் சொல்லாகத் தோன்றுமாறு பணித்தால், ‘கலந்தன’ என்னும் வினை இரு சீர்களாகப் பிளவுண்டு இரு தவணைகளில் திரைக்கு வரும். கலத்தலைக் கூறும் சொல்லே பிரிந்து வருவதை எண்ணி நகைப்பதா, நோவதா? சொற்பிரித்த பாடத்தில் இக்குறை நேராது. ஆயின் சீர் மறைந்துவிடும். எந்தப் பாடத்தைக் கொள்வது என்னும் பதிப்பியல் வினா இங்கு மீண்டும் எழுகிறது. படவில்லை அமைப்போர் பலர் அதனை ஒரு வினாவாகவே கருதுவதில்லை.

ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடுதல் அருகியே காணப்படும்; படிப்போர் இடமறிந்து ஒலித்தனர். உ. வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பு போன்ற அச்சு நூல்களில் புள்ளி தெளிவாக இடம்பெற்றது. மழைப்படத்தின்மேல் அது மீண்டும் தொலைகிறது: துளி எது, புள்ளி எது? இணைய அணுகல் நெறிமுறைகள் எழுத்திற்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிமாறுபாட்டையும், பெரிய எழுத்திற்கு 3:1 அளவையும் வேண்டுகின்றன. ஒளிப்படத்திலோ இவ்விகிதம் ஓர் அடிக்குள்ளேயே பலமுறை மாறும்.

அசைவூட்டம் முற்றிலும் விலக்கத்தக்கதன்று. அச்சுப் பக்கத்தில் கண் இறுதியடிக்குத் தாவிவிடும்; திரையால் அதனைத் தடுத்து நிறுத்த முடியும். தமிழை வகுப்பறையில் மட்டுமே கேட்கும் மாணவர்க்கு இது பெரும்பேறு. ஏ. கே. இராமானுசன் 1967இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுதியில் அடிகளை உள்தள்ளியும் இடைவெளி விட்டும் வெள்ளைத் தாளிலேயே இத்தகைய தாமதத்தை உண்டாக்கினார். மூன்று வினாக்களும் வெறுந்திரையில் ஒவ்வொன்றாக வரட்டும். உவமையடிக்குப்பின் குரல் சற்றே நிற்கட்டும். படம் வேண்டுமெனின், இறுதியடியும் ஒலித்து ஓய்ந்தபின், எழுத்து நீங்கிய திரையில் அது தனித்து வரலாம்.