புக்கானனின் மைசூர்ப் பயணநூலும் காஞ்சிச் செப்பேடும்

முன்னுரை

தென்னாட்டுச் சமூக வரலாற்றை எழுதுவோர் ஐரோப்பியப் பயணிகளின் குறிப்புகளைச் சான்றாக எடுத்தாள்வது வழக்கம். பிரான்சிஸ் புக்கானனின் மைசூர், கனரா, மலபார்ப் பயணநூல் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. 1807-இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்நூலைச் சான்றாகக் கொள்ளும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

பயணமும் நோக்கமும்

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், அந்நாட்டின் வேளாண்மை, தொழில், வணிகம் ஆகியவற்றை ஆராய்ந்துவருமாறு கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, ஸ்காட்லாந்து மருத்துவரான புக்கானனைப் பணித்தார். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்ட அவர், மே மாதம் பெங்களூரை அடைந்தார். கோட்டை, மண்சுவர் அரண்மனை, தோட்டங்கள், நெசவுத்தொழில் ஆகியன அவர் நூலில் விரிவாக இடம்பெறுகின்றன. ஐதர் அலி காலத்தில் செழித்திருந்த நகரம், ஆர்க்காடு, ஐதராபாத் பகுதிகளுடனான வணிகத்தைத் திப்பு தடைசெய்தமையால் நலிந்தது என்கிறார். தோற்ற மன்னனைப் பற்றி வென்றோரின் அலுவலர் எழுதியது இது என்பதை மறத்தலாகாது.

இடங்கையும் வலங்கையும்

கண்டதினும் கேட்டதை எழுதுமிடத்திலேயே நூலின் அருமையும் இடர்ப்பாடும் ஒருங்கே புலப்படுகின்றன. இடங்கையில் ஒன்பது, வலங்கையில் பதினெட்டு எனச் சாதிகளைப் பட்டியலிடும் புக்கானன், இப்பிரிவு காஞ்சிபுரத்தில் காளியின் ஆணையால் உண்டானதென்றும், அதன் விதிகள் அங்குள்ள கோயிலில் செப்பேடாகக் காக்கப்படுவதென்றும் கேட்டதைப் பதிவுசெய்கிறார். ஆனால் நேர்முரணான உரிமைகளைக் கோரும் இரு சாராரும் அச்செப்பேட்டையே சான்று காட்டுவதால், அப்படியொன்று உண்டா என ஐயுறுகிறார்.

இவ்வையம் தமிழாய்வுக்கு மிகவும் பயன்படுவது. சோழர் கல்வெட்டுகளில் வலங்கை என்பது படைப்பிரிவுகளின் பெயரோடு இணைந்து வருகிறது. பின்னர் இடங்கை தொண்ணூற்றெட்டு, வலங்கை தொண்ணூற்றெட்டு என்னும் வழக்கு காணப்படுகிறது. புக்கானன் கேட்ட எண்களோ வேறு. எனவே அவர் தரும் பட்டியல் தொன்றுதொட்டு மாறாதிருந்த அமைப்பன்று. 1800-ஐ ஒட்டி மைசூர்ப் பகுதியில் உரிமைப் பூசல் நிலவிய சூழலில், தகவலாளர் முன்வைத்த கோரிக்கையாகும்.

முடிவுரை

மைசூர்ப் பகுதி மக்கள் தம் வழக்கிற்குக் காஞ்சியைச் சான்றாக அழைத்தனர் என்பதே இங்கு உறுதியான வரலாற்றுச் செய்தி. பட்டியலை ஏற்று ஐயத்தை விலக்கும் ஆய்வு, ஒரு சாராரின் வழக்கையே வரலாறாக்கிவிடும். சொன்னவர் யார், எழுதியவர் யார், எதன்பொருட்டு என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே பயணக்குறிப்பு சான்றாகும் தகுதியைப் பெறுகிறது.