நீச்சலில் வயது முதலில் தொடுவது எதை?

போட்டி நீச்சலில் வயதின் பாதிப்பு எல்லாத் தூரங்களிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. வேகம்தான் முதலில் போகும், தம் கட்டி நெடுந்தூரம் நீந்தும் திறன் கடைசிவரை நிற்கும் என்பது பலரது எண்ணம். அமெரிக்காவில் வயதுவந்தோருக்கான ‘மாஸ்டர்ஸ்’ போட்டி வீரர்களின் நேரங்களை அலசி ஹிரோஃபுமி தனாகாவும் டக்ளஸ் சீல்ஸும் 1997-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இதற்கு நேர்மாறானது. 1,500 மீட்டரைவிட 50 மீட்டரில்தான் சரிவு குறைவு. 1,500 மீட்டர் திறன் 35–40 வயதில் உச்சம் தொட்டு, எழுபதுவரை சீராக இறங்கி, அதன்பின் மளமளவெனச் சரிகிறது. 50 மீட்டரில் மட்டும் பெண்களின் சரிவு ஆண்களைவிடக் கூடுதல்.

நெடுந்தூரத் திறன் கூடுதலாகச் சரிவதன் காரணம் இதயத்தில் இருக்கிறது. அதன் உச்சத் துடிப்பு பத்தாண்டுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 துடிப்பு குறைகிறது. தசைக்குப் போகும் ஆக்சிஜனும் குறைகிறது. நெடுந்தூரம் நீந்துபவருக்கு இது நேரடி இழப்பு. 50 மீட்டரோ அரை நிமிடத்தைச் சுற்றி முடிந்துவிடும். அங்கே பாய்ச்சலும் கைவீச்சின் நேர்த்தியும் பேசும். பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த நேர்த்தி எளிதில் கைவிடாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 41 வயது அமெரிக்க வீராங்கனை டாரா டோரஸ் 50 மீட்டரை 24.07 விநாடியில் நீந்தி, 0.01 விநாடியில்தான் தங்கத்தைத் தவறவிட்டார்.

கடல் நீச்சலின் கணக்கு வேறு. பாக் நீரிணையை 1994-ல் 12 வயதில் கடந்தவர் தமிழக நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன். 2021 மார்ச்சில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 43 நிமிடத்தில் வந்த சியாமளா கோலி ஐம்பதை நெருங்கியவர். உச்ச வேகம் தேவைப்படாத அந்த நீச்சலில், நீரோட்டத்தை அறிந்து ஒரே சீராக நீந்தும் பக்குவம் வயதின் இழப்பைப் பெருமளவு ஈடுகட்டுகிறது.

தண்ணீர் உடலைத் தாங்குவதால் மூட்டுகளில் ஓட்டக்காரருக்கு விழும் அடி நீச்சல்காரருக்கு இல்லை. பயிற்சியைத் தொடர முடிவதால் சரிவும் மெதுவாகிறது. தோள்பட்டை மட்டும் எச்சரிக்கை கேட்கும். கடினப் பயிற்சிக்குப் பின் உடல் தேற இளைஞரைவிட அதிக நாள் பிடிக்கும். வாரத்தில் சில நாள் குறுகிய வேகப் பயிற்சியும் எடைப் பயிற்சியும் அவசியம்.

பயிற்சி விட்டுப்போனால் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும். அது விட்டுப்போகாதிருக்க, சென்னையை அடுத்த நசரத்பேட்டை, பூந்தமல்லி வட்டாரத்தில் நீச்சல் குளம் நடத்துவோர் காலையில் ஒரு மணி நேரத்தை மூத்த நீச்சல்காரர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும்.