திரையில் ஓர் ஆற்றுப்படை

தாம்பரம் ஒரு வழியூர். சென்னையினின்று தென்றிசை செல்வார்க்கு ஜி.எஸ்.டி. சாலையும் இருப்புப்பாதையும் இவ்வூரின் ஊடே செல்கின்றன. 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியபின், இவ்வூரும் இதனை அடுத்த பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், வண்டலூர் முதலியனவும் நகரோடு பிணைந்து வளர்ந்தன. இங்குக் குடியேறினாருள் தென்மாவட்டத்தார் மிகப் பலர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னாள் மாலையில் பெருங்களத்தூர்ச் சாலையோரத்தில் மூட்டையும் குழந்தையுமாக மக்கள் நிற்கும் காட்சியை நாம் பல்லாண்டு கண்டிருக்கின்றோம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பெற்றபின் அக்கூட்டத்தின் பெரும்பகுதி அங்குச் சென்றது.

அவ்வாறு நிற்பவர் சொந்த ஊர்க்குச் செல்பவர். ஊர்க்குச் செல்லுதல் வேறு. ஊர் காணச் செல்லுதல் வேறு. முன்னது கடமையின்பாற் படும். பின்னது வேட்கையின்பாற் படும். அறியா ஊரைக் காணவேண்டும் என்னும் வேட்கையை நடுத்தரக் குடும்பத்தார் உள்ளத்தில் எழுப்பிய கருவிகளுள் திரைப்படமும் ஒன்று. குழந்தை முதல் முதியோர் வரை ஒருங்கிருந்து காணத்தக்க படங்களுள் எத்தகையது இவ்வேட்கையை எழுப்பும் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா.

மலையும் அருவியும் வெளிநாட்டு நகரமும் மிகுதியாகக் காட்டும் படமே அத்தகையது என்பது பலர் கருத்து. அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று என்பது நம் துணிபு. இதனை நிறுவுதற்குரிய அளவுகோல் தமிழிலேயே உண்டு. அஃது ஆற்றுப்படை.

1. அளவுகோல்

ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்னும் கலைவாணர், தாம் பெற்ற பெருவளத்தை எதிர்ப்பட்ட வறியோர்க்கு உரைத்து, அவரையும் அங்ஙனம் பெறுமாறு வழிப்படுத்துதலைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் கூறுவர். பத்துப்பாட்டுள் ஐந்து இவ்வகையின. அவற்றுள் திருமுருகாற்றுப்படை அருள் நாடிச் செல்வோனை நோக்கியது. ஏனைய நான்கும் வறுமையுற்ற கலைஞரை நோக்கியன.

இவற்றுள் சிறுபாணாற்றுப்படை நம் ஆய்வுக்கு மிக அணித்து. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய அப்பாட்டு, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பாணனைச் செலுத்துகின்றது. அதிற் கூறப்பெறும் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்னும் ஊர்களுள் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினத்தை மரக்காணப் பகுதியிலும் வேலூரை இன்றைய உப்புவேலூரிலும் வைத்து அறிஞர் காண்பர். எனவே தாம்பரத்தினின்று தெற்கே செல்லும் சாலை நத்தத்தனார் பாடிய நாட்டினுள் புகுகின்றது.

அப்பாட்டில் மூன்று இயல்புகள் கருதத்தக்கன. முதலாவது, செல்வோர் தனியர் அல்லர். பாணனோடு விறலியரும் சுற்றமும் உள்ளனர். வீட்டில் உப்பும் இன்றி வெந்த குப்பைக்கீரையைப் பிறர் காணாவாறு கதவடைத்துச் சுற்றத்தோடு உண்ட வறுமையே அச்செலவுக்குத் தோற்றுவாய். இரண்டாவது, சேருமிடத்தைப் போலவே வழியும் சிறப்பிடம் பெறுகின்றது. நெய்தலும் முல்லையும் மருதமும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றாவது, வழியிலும் முடிவிலும் விருந்தோம்புவார் உளர். எயிற்பட்டினத்துச் சுட்ட மீன், வேலூரில் எயினர் தரும் புளிச்சோறு, ஆமூரில் நண்டுக் கலவையொடு வெண்சோறு என ஒவ்வோர் ஊரும் அவ்வூர் உணவால் அறிமுகமாகின்றது.

முதல் இயல்பின் அருமை அகத்திணையோடு ஒப்பிடும்போது விளங்கும். பொருள்வயிற் பிரிவு தலைவனுக்கே உரியது. தலைவி இல்லிருந்து ஆற்றுவாள். கடல் கடந்து செல்லுங்கால் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இன்று என்பதும் தொல்காப்பியர் கூற்று. உடன்போக்கு ஒன்றே அகத்தில் பெண்ணுக்கு உரிய நெடுவழி. குடும்பம் முழுவதும் வழிச்செல்லும் காட்சியைத் தந்தது ஆற்றுப்படையே. செல்வோர், வழி, விருந்து என்னும் இம்மூன்றையும் கொண்டு சில படங்களை அளந்து காண்போம்.

2. மூன்று படங்கள்

1966இல் வெளிவந்த ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ திருமலை, மகாலிங்கம் என்னும் இருவர் இணைந்து இயக்கியது. ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ் முதலியோர் நடித்தது. வீட்டை விட்டு ஓடிவந்த இளம்பெண் ஒருத்தி, தீயோர் தன்னைத் தொடரப் புதுவை செல்லும் பேருந்தில் ஏறுகின்றாள். கதையின் பெரும்பகுதி அப்பேருந்தினுள் நிகழ்கின்றது. கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய நிலையை எய்துமுன் புதுவைப் பேருந்துகள் தாம்பரம், செங்கற்பட்டு, திண்டிவனம் வழியே சென்றன. ஆதலின் நம் பகுதி மக்களுக்கு அப்பேருந்து அன்றாடம் கண்ட பொருள். 1972இல் இக்கதை ‘பம்பாய் டு கோவா’ என இந்தியில் அமைந்து வெற்றி பெற்றமை, இதன் ஈர்ப்புக் குறிப்பிட்ட ஓர் ஊரின் அழகைச் சார்ந்ததன்று என்பதைக் காட்டும். ஊர்ப்பெயர்கள் இரண்டும் மாறின. பேருந்தும் அதனுள் இருந்த பலவகை மாந்தரும் மாறவில்லை.

எனினும் இப்படத்தில் குறை ஒன்றுண்டு. பெண் தனித்துச் செல்கின்றாள்; அச்செலவு ஓட்டமாகவே அமைகின்றது; அவளைக் காக்க ஒருவன் வேண்டப்படுகின்றான். உடன்போக்கின் நிழல் இங்குப் படிந்துள்ளது. காண்போர் நகைத்து மகிழ்வர். ஆயினும் வீட்டை விட்டுப் புறப்படுதல் பெண்ணுக்கு இடர் என்னும் எண்ணத்தையும் உடன் பெறுவர்.

1973இல் வெளிவந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ எம்.ஜி.ஆர். நடித்து இயக்கியது. ஒசாகா நகரில் நடைபெற்ற ‘எக்ஸ்போ 70’ கண்காட்சியும், சிங்கப்பூர், தாய்லாந்து, ஹாங்காங் முதலிய நாடுகளும் அதில் இடம்பெற்றன. கடல் கடந்த நாடுகளை அத்துணை விரிவாகத் தமிழ்மக்கள் முன்னர்த் திரையில் கண்டதில்லை. இப்படம் பெற்ற வரவேற்புப் பெரிது. ஆயினும் நம் அளவுகோலின்படி இங்கு இடம் உண்டு, வழி இல்லை. நாயகன் ஒரு நாட்டில் மறைந்து மற்றொரு நாட்டில் தோன்றுகின்றான். செல்பவன் வீரன், காண்பவர் குடும்பத்தார். வியப்பு நிகழ்கின்றது. வேட்கைக்கு வேண்டும் ‘நாமும் செல்லலாம்’ என்னும் துணிவு நிகழ்ந்ததா என்பது ஐயம்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது ஏ.பி. நாகராசன் இயக்கி 1970இல் வெளிவந்த ‘திருமலை தென்குமரி’. சென்னைக் குடியிருப்பொன்றில் வாழும் பல மொழிக் குடும்பங்கள் ஒன்றுகூடிப் பேருந்தொன்றில் திருமலை தொடங்கிக் குமரி வரை செல்லுதலே கதை. சீர்காழி கோவிந்தராசன், சிவகுமார், குமாரி பத்மினி, மனோரமா முதலியோர் நடித்தனர். குன்னக்குடி வைத்தியநாதன் இசை அமைத்தார். ‘திருவிளையாடல்’ (1965), ‘சரஸ்வதி சபதம்’ (1966), ‘கந்தன் கருணை’ (1967) எனத் தெய்வக்கதைகளைப் படமாக்கிய இயக்குநர், இங்குத் தெய்வத்தைக் காணச் செல்லும் எளிய மாந்தரையே கதைமாந்தர் ஆக்கினார். இம்மாற்றம் சிறிதன்று.

இப்படத்தின் தலைப்புத் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. வேங்கடத்தையும் குமரியையும் தமிழ்நிலத்தின் எல்லையாகத் தொல்காப்பியச் சிறப்புப்பாயிரத்தில் பனம்பாரனார் கூறியதை நாம் மனப்பாடம் செய்தோம்; மாணவர்க்கும் செய்வித்தோம். நமக்கு அவ்விரு பெயர்களும் எல்லைக்கற்கள். நாகராசன் அவற்றை ஒரு சாலையின் இருமுனைகளாகக் கண்டார். வேங்கடம் இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. பேருந்தில் இருப்போரும் ஒரு மொழியினர் அல்லர். எல்லை என்னும் கருத்துப் பிரிப்பது. வழி என்னும் கருத்து இணைப்பது. பாயிரத்தின் இரு சொற்களை எடுத்து அவற்றுக்கு இப்பயனைத் தந்தமை இப்படத்தின் தனிச்சிறப்பு.

இங்குச் செல்வோர் குடும்பத்தார். சண்டையிடும் அண்டை வீட்டார் உளர்; காதலிக்கும் இளையோர் உளர். அரங்கில் அமர்ந்த குடும்பம் தன்னையே பேருந்தில் கண்டது. பெண்டிர் இங்கு ஓடிச் செல்லவில்லை, உடன் செல்கின்றனர். வேட்கை பிறக்கும் இடம் இதுவே என்க.

அவ்வாண்டிலேயே குமரிக்கடலில் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் திறக்கப்பெற்றது. 1971இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தோன்றியது. இவை அடுத்தடுத்து நிகழ்ந்தமை கருதி, படமே மக்களைச் சாலைக்கு அழைத்தது என முடிபு கூறுதல் பிழையாம். காலத்தால் ஒன்றியவை எல்லாம் காரணகாரியம் ஆகா. குடும்பச் சுற்றுலா என்னும் வழக்கம் பரவத் தொடங்கிய காலத்தில் அதற்கு ஓர் உருவத்தை இப்படம் தந்தது என்ற அளவே கூறத்தகும்.

3. ஒரு மறுப்பும் விடையும்

‘வாலிபன் காட்டிய சிங்கப்பூர்க்கு இன்று மீனம்பாக்கத்தினின்று நாள்தோறும் விமானங்கள் செல்கின்றனவே, நம் புறநகர்க் குடும்பங்கள் பல சென்று மீண்டனவே, அப்படம் வேட்கையை எழுப்பவில்லை எனக் கூறுதல் எங்ஙனம்?’ என வினவுவார் இருக்கலாம். வினா தக்கதே. 2023இல் அவ்விமான நிலைய வளாகத்திலேயே 5 திரைகள் கொண்ட அரங்கு திறக்கப்பெற்றது. படம் கண்டவர் எழுந்து வானூர்தி ஏறும் அளவிற்குத் திரையும் வழியும் அணுகிவிட்டன.

ஆயினும் இவ்வினாவே நம் கருத்தை வலியுறுத்தும். படம் மாறவில்லை, காண்போர் நிலை மாறியது. 1973இல் கனவாக இருந்தது, பொருளும் வழியும் வாய்த்தபின் வேட்கை ஆயிற்று. வழி தோன்றாதவிடத்துக் காட்சி வெறும் வியப்பாகவே நிற்கும். பாணனுக்கு நல்லியக்கோடனின் புகழை மட்டும் கூறி ஆமூரும் வேலூரும் கூறாதிருந்தால், அவன் நின்ற இடத்திலேயே நின்று பெருமூச்சு விட்டிருப்பான்.

4. எஞ்சிய குறை

இனி, ‘திருமலை தென்குமரி’யும் குறையற்றது என்பதற்கில்லை. செல்வோரும் வழியும் அதில் நிறைந்துள்ளன. மூன்றாம் இயல்பாகிய விருந்து நிறையவில்லை. ஒவ்வோர் ஊரிலும் கோயிலும் அதனை ஒட்டிய பாட்டும் முதலிடம் பெறுகின்றன. அவ்வூரில் வாழ்வாரோடு செல்வோர்க்கு உறவு நிகழ்தல் அரிது. பேருந்து தன் உலகத்தைத் தன்னுள்ளேயே கொண்டு செல்கின்றது. சென்றவர் தம்முள்ளேயே பேசித் தம்முள்ளேயே மீள்கின்றனர். ஆற்றுப்படைப் பாணனோ எயிற்பட்டினத்துப் பரதவரின் மனையில் உண்டவன். பின்னாளைய சுற்றுலாவின் குறையும் இதுவே. ஊரைக் கண்டோம், ஊராரைக் கண்டிலோம்.

இக்குறையை நிரப்பும் படம் அண்மையில் வந்தது. பிரேம்குமார் இயக்கி 2024இல் வெளியான ‘மெய்யழகன்’, தஞ்சையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்த ஒருவன் உறவினர் திருமணத்திற்காகப் பல்லாண்டின் பின் நீடாமங்கலம் செல்லுதலைக் கூறுவது. அங்கு அவனைப் பெயரும் நினைவில் இல்லாத உறவினன் ஒருவன் தாங்கி, உணவூட்டி, தன் மனையில் துயிற்றி அனுப்புகின்றான். அரவிந்த்சாமியும் கார்த்தியும் இவ்விரு மாந்தராக நடித்தனர். விருந்து என்னும் இயல்பு இங்கு முழுமை எய்துகின்றது. காட்சியழகால் அன்று, ஓம்புவான் ஒருவனின் அன்பால் அவ்வூர் காண்போர் உள்ளத்தில் பதிகின்றது. ஆனால் செல்பவன் தனியன். மனைவியும் மகளும் சென்னையிலேயே தங்கிவிடுகின்றனர். மேலும் அவன் செல்வது தன் பழைய ஊர்க்கே. கிளாம்பாக்கத்தில் பேருந்துக்கு நிற்கும் மக்களின் உள்ளத்தை இப்படம் நன்கு அறிந்துள்ளது. அறியா ஊர்க்கு அவர்தம் குடும்பத்தைச் செலுத்தும் பணியை அது மேற்கொள்ளவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், குடும்பப் படங்களுள் செலவு வேட்கையை எழுப்புவது இயற்கைக் காட்சியின் மிகுதி அன்று என்பதும், காண்போரை ஒத்த குடும்பம் வழிச்செல்லுதலும் வழி புலப்படுதலும் ஏற்போர் இருத்தலுமே அதனை எழுப்பும் என்பதும் பெறப்படும். நாம் ஆய்ந்த படங்களுள் முதல் இரண்டும் சிறந்து நிற்பது ‘திருமலை தென்குமரி’. மூன்றாவது சிறந்து நிற்பது ‘மெய்யழகன்’. மூன்றும் ஒருங்கே அமைந்த படம் இவற்றுள் இல்லை. நத்தத்தனார் பாட்டில் அவை ஒருங்கே அமைந்துள்ளன.

இவ்வளவுகோல் திரைப்படத்தை மட்டும் அளப்பதன்று. சிறுபாணாற்றுப்படையை நாம் பல்லாண்டு பாடஞ் சொல்லியிருக்கின்றோம். அதன் உரை வேறுபாடுகளையும் ஊர்ப்பெயர் ஆய்வுகளையும் மாணவர்க்கு விரித்துரைத்தோம். கிடங்கில் தாம்பரத்தினின்று 100 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் உள்ளது. நம் மாணவரை அங்கு அழைத்துச் சென்றிலோம், நாமும் சென்றிலோம். பேருந்தில் திண்டிவனத்தைக் கடந்தபோதெல்லாம் உறங்கிக் கிடந்தோம். வழிப்படுத்தும் நூலைக் கற்பித்தும் வழிப்படுத்தாது விட்டோம். பள்ளி செல்லாதாரையும் பேருந்தில் ஏற்றி வேங்கடம் முதல் குமரி வரை கொண்டு சென்ற திரைப்படத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குமுன், தமிழ்த்துறையினராகிய நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.