ஓட்டு இல்லாதவர்கள்

இப்ஸனின் 'மக்கள் விரோதி' நாடகத்தை நான் முதன்முதலாகப் படித்தது கல்லூரியில் இருந்தபோது. படித்து முடித்த இரவு ஊரில் உள்ள அத்தனை பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. உலகத்தில் டாக்டர் ஸ்டாக்மனையும் என்னையும் தவிர மற்ற எல்லோரும் முட்டாள்கள் என்று ஒரு எண்ணம். இருபது வயதில் அப்படித் தோன்றுவது இயற்கைதான். நாற்பதைத் தாண்டிய பிறகும் அது மாறாமல் இருந்தால் ஆளிடம்தான் ஏதோ கோளாறு. சென்ற மாதம் அதே நாடகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை பாதிக் கோபம் டாக்டர் மேலேயே திரும்பிற்று.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நார்வே நாட்டில் கடலோரமாய் ஒரு சிறு நகரம். நோயாளிகள் வந்து குளித்துக் குணமடைய அங்கே ஸ்நான கட்டடங்கள் கட்டியிருக்கிறார்கள். ஊரின் பிழைப்பே அதில்தான். அங்கே வைத்திய அதிகாரியாக இருக்கும் ஸ்டாக்மன் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்க்கிறார். மேலே உள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்து தண்ணீர் விஷமாகியிருக்கிறது. முந்தின வருஷம் குளிக்க வந்தவர்கள் சிலர் காய்ச்சலில் விழுந்ததற்கு அதுதான் காரணம். ஊருக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டோம் என்று மனிதர் குதிக்கிறார். அவருடைய அண்ணனே மேயர். குழாய்களை மாற்ற ஏராளமான பணம் வேண்டும், இரண்டு வருஷம் கட்டடத்தை மூட வேண்டும் என்று மேயர் கணக்குச் சொன்னதும் நிலைமை தலைகீழாகிறது. டாக்டரை ஆதரித்த முற்போக்குப் பத்திரிகை நழுவுகிறது. வீட்டுக்காரர் சங்கத் தலைவரான அச்சுக்கூடத்து அஸ்லாக்ஸன் நழுவுகிறார். கடைசியில் பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுத்து டாக்டரை மக்கள் விரோதி என்று தீர்மானிக்கிறார்கள்.

ஜனநாயகத்தைக் கண்டித்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த நாலாம் அங்கத்தை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. பெரும்பான்மை எப்போதும் தவறு, அறிவுள்ள சிலரே சரி என்று டாக்டர் அங்கே பொழிந்து தள்ளுகிறார். சாதி நாயையும் தெரு நாயையும் ஒப்பிட்டு மனிதர்களிலும் அந்த வித்தியாசம் உண்டு என்கிறார். அரங்கில் இதைக் கேட்டுக் கைதட்டுகிறவர்கள் ஒவ்வொருவரும் தம்மைச் சாதி நாய்ப் பட்டியலில் சேர்த்துக்கொண்டுதான் தட்டுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் அந்தக் கூட்டம் எப்படி ஆரம்பித்தது என்பதை யாரும் கவனிப்பதில்லை. அஸ்லாக்ஸனைத் தலைவராக உட்கார வைக்கிறார்கள். ஸ்நான கட்டடத்தைப் பற்றி டாக்டர் எதுவும் வாசிக்கக் கூடாது என்று மேயர் தீர்மானம் கொண்டுவருகிறார். அதை ஓட்டுக்கு விடுவதற்குள், அது தேவையில்லை, ஸ்நான கட்டடத்தைப் பற்றி இன்று பேசப் போவதில்லை என்று டாக்டரே சொல்லிவிடுகிறார். ஆக, தண்ணீரைப் பற்றிய அறிக்கையை அந்த ஜனங்கள் கேட்கவே இல்லை. கேட்காத விஷயத்தின்மேல் ஓட்டுப் போட்டார்கள். இதை மக்களின் மடமை என்று சொல்வது நியாயமா? அந்த இடத்தில் டாக்டர் செய்திருக்க வேண்டியது, என் அபிப்பிராயத்தில், எந்த வழியிலாவது அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுவது. அவரோ தண்ணீரை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கிறவர்களைத் திட்ட ஆரம்பித்தார். ஜனங்களுக்குப் புதுக் கருத்துகள் தேவையில்லை, பழையவையே போதும் என்று இரண்டாம் அங்கத்தில் மேயர் சொல்கிறார். ஜனங்களைப் பற்றி அண்ணனுக்கும் தம்பிக்கும் உள்ள மதிப்பு, யோசித்துப் பார்த்தால், ஒன்றேதான்.

இப்ஸனுக்கு அப்போது இருந்த கோபம் வேறு. அதற்கு முந்தின வருஷம், 1881இல், 'பேய்கள்' நாடகத்துக்காக அவரைக் கிழித்தார்கள். முற்போக்குப் பத்திரிகைகளும் துணைக்கு வரவில்லை. 1882இல் இந்த நாடகம் வந்தபோது நார்வேயில் ஓட்டு என்பது சொத்தும் உத்தியோகமும் உள்ள ஆண்களுக்கு உரியது. ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு வந்தது 1898இல், பெண்களுக்கு 1913இல். டாக்டர் வைகிற அந்தப் 'பெரும்பான்மை', நிஜத்தில் ஒரு சிறுபான்மைக்குள் இருந்த பெரும்பான்மை.

இன்னொன்று. அந்தத் தண்ணீரில் குளித்து நோயாளிகளானவர்கள் யார்? வெளியூர்க்காரர்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த நகரத்தில் ஓட்டு இல்லை. வரி கட்டுகிறவர்களுக்கு அஸ்லாக்ஸன் பிரதிநிதி. ஒழுங்கான பிரதிநிதி என்றுகூடச் சொல்வேன். தன்னை அனுப்பியவர்களின் பைசாவை அவர் காப்பாற்றினார். நஷ்டம் யாருக்கோ, ஓட்டு யாருக்கோ. இந்த இடத்தைத்தான் நான் இருபது வயதில் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

தோல் ஆலை என்ற சொல்லைப் படித்ததும் தமிழ்நாட்டு வாசகருக்கு நார்வேயா நினைவுக்கு வரும்? பாலாறுதான் வரும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. 1951-52 பொதுத்தேர்தல் முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும், சொத்து உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஓட்டு உள்ள நாடு இது. அப்படியும் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ கெட்டுப்போனது என்ற கணக்கு 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டிருந்தன என்பதும் அதிலேயே இருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று போட்ட வழக்கு அது. ஆலையில் வேலை செய்கிறவனுக்கும் ஓட்டு உண்டு, கிணறு கெட்டவனுக்கும் உண்டு. சட்டசபைக்குப் போகிறவர் முதலில் எண்ணுவது முன்னவனுடைய கூலியை; அதில் பாவம் ஒன்றுமில்லை, கூலி போனால் அவன் வீட்டில் அன்றைக்கே அடுப்பு எரியாது. கிணற்று உப்போ பத்து வருஷத்தில் மெல்ல ஏறுகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வருகிற தேர்தலுக்கு அது ருசி தெரிவதில்லை. யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பாத நீதிபதிகள்தான் அதைக் கேட்டார்கள். கேட்ட பிறகும் தீர்ந்துவிடவில்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது.

சத்யஜித் ராய் 1989இல் இந்த நாடகத்தை 'கணசத்ரு' என்று படமாக்கினார். ஸ்நான கட்டடம் அங்கே கோயிலாகிறது. விஷத் தண்ணீர் தீர்த்தமாகிறது. உடல் நலிந்திருந்த காலத்தில் அறைகளுக்குள்ளேயே எடுத்த படம். அவருடைய மற்றப் படங்களின் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனாலும் ஒன்று செய்தார். முடிவில் டாக்டரைத் தனியே நிற்க விடவில்லை. வெளியே இளைஞர்கள் அவர் பெயர் சொல்லி ஆதரவாகக் குரல் கொடுக்கிறார்கள். கொஞ்சம் செயற்கைதான். ஆனால் ஜனங்களிடம் சேதி போய்ச் சேர்ந்தால் சிலராவது வருவார்கள் என்று ராய் நம்பினார். இப்ஸன் நம்பவில்லை. கலையில் இப்ஸன் பக்கம், நம்பிக்கையில் ராய் பக்கம் என்று நான் நழுவிக்கொள்ளலாம். நழுவுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷம் முன்பு எங்கள் தெரு வீட்டுக்காரர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. மழை நாளில் சாக்கடை பொங்கி வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. பின்புறம் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் தீரும் என்றார் ஒருவர். வாய்க்கால் முடிகிற இடத்தில் குடிசைகள் இருக்கின்றன. அது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவரும் எங்கள் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. தலைவர் கையைத் தூக்கச் சொன்னார். காப்பி வந்திருந்தது, ஆறிவிடும் என்று எல்லோருக்கும் அவசரம். நானும் தூக்கினேன்.

இப்ஸன் நாடகத்தில் ஓட்டுச் சீட்டுகளைத் தொப்பியில் வாங்கி எண்ணுகிறார்கள். டாக்டருக்கு எதிரான அந்தத் தீர்மானத்தை ஒரே ஒருவன் ஆட்சேபிக்கிறான். அவன் குடித்துவிட்டு வந்தவன். எங்கள் கூட்டத்துக்குக் குடித்துவிட்டு யாரும் வரவில்லை.