'விசர்' என்னும் சொல்லும் சிசோபிரீனியா என்னும் நோயும்

இலக்கியச் சொல்லகராதி தொகுத்த அ. குமாரசாமிப் புலவரின் (1854–1922) ஊர் சுன்னாகம். சொற்பொருளை வரையறுப்பதில் இத்துணைக் கவனம் செலுத்திய மண்ணிலே, அன்றாடம் வழங்கும் ஒரு சொல் போதிய ஆராய்வின்றியே புழங்கி வருகின்றது. 'விசர்' என்பதே அச்சொல். கோபங் கொண்டவனுக்கும் விசர். காதல் வயப்பட்டவனுக்கும் விசர். கடித்த நாய்க்கும் விசர். சந்தையடியில் தனக்குள் பேசியபடி நடப்பவனுக்கும் விசர். இறுதியிற் கூறப்பட்டவனிடம் காண்பது ஒரு நோயாக இருத்தல் கூடும். அந்நோயை ஏனையவற்றோடு சேர்த்து ஒரே சொல் மூடிவிடும்போது, நோயாளன் சிகிச்சை பெறும் வாய்ப்பை இழக்கின்றான். எனவே இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

இச்சொல்லுக்கு நம்மிடையே இரு முகங்கள் உள. நல்லூர்த் தேரடியில் வாழ்ந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் விசரர் என்றனர். அவரையே குருவாகக் கொண்டார் யோகர் சுவாமிகள் (1872–1964). விசரின் பின்னே ஞானம் மறைந்திருக்கலாம் என்ற எண்ணம் இத்தகைய வரலாறுகளால் வலுப்பெற்றது. மறுபுறம், கலியாணப் பேச்சுக் குலையும் என அஞ்சி நோயுற்ற மகளைப் பின்னறையில் மறைப்பதும், செய்வினை எனக் கொண்டு கழிப்புக் கழிப்பதும் நாம் அறியாதன அல்ல. ஒரு நோக்கு அவனைச் சித்தனாக்குகின்றது; மற்றையது பேய் பிடித்தவனாக்குகின்றது. இரண்டிலும் நோயாளன் என்ற மனிதனுக்கு இடமில்லை.

நோயின் பெயரும் குழப்பத்துக்கு இடமளித்துள்ளது. சுவிஸ் மருத்துவர் யூஜின் புளூலர் 1908இல் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிய 'சிசோபிரீனியா' என்பதற்கு 'மனப்பிளவு' என்பது சொல்வழிப் பொருள். சிந்தனை, உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கிடையிலான இணைப்புத் தளர்வதையே அவர் பிளவு என்றார். ஒருவனுக்குள் இருவர் வாழ்வதை அன்று. எனினும் 2005இல் வெளிவந்த 'அந்நியன்', 'சந்திரமுகி' போன்ற திரைப்படங்கள் பரப்பிய இரட்டை ஆளுமைக் கற்பனையோடு இந்நோயை ஒன்றாக்கிக் காண்போர் பலர். 'பிளவு' என்ற பொருள்படும் பெயர் இழிவு சேர்ப்பதை உணர்ந்த யப்பானிய உளமருத்துவர்கள் 2002இல் அப்பெயரையே மாற்றினர். தமிழிலும் 'சிதைவு', 'பிளவு' என்னும் சொற்களை மீளாய்வு செய்தல் வேண்டும்.

பிறர் கேளாத குரல்களைக் கேட்டல், ஆதாரமற்ற ஐயங்களை அசைக்கவொண்ணாது நம்புதல், சிந்தனைத் தொடர்ச்சி குலைதல் என்பன இந்நோயின் வெளிப்படைக் குறிகள். ஊக்கமின்மை, பேச்சுக் குறைதல், ஒதுங்குதல் என்பன மறைமுகக் குறிகள். இவற்றையே குடும்பத்தார் சோம்பல் என்றும் திமிர் என்றும் ஏசுகின்றனர். பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலுமே நோய் பெரும்பாலும் தலைகாட்டுகின்றது. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவரை இது பீடித்துள்ளதென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது.

இந்த அனுபவத்தின் உட்புறத்தைத் தமிழ்ப் புனைகதையில் தேடுவோர் எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்' (1992) நாவலை விட்டு நகர முடியாது. 1993இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற இப்படைப்பில், மகாலிங்கத்தின் செவிகளுள் ஓயாத குரல்கள் எழுகின்றன, இழிமொழி பேசுகின்றன, வாழ்வைக் குலைக்கின்றன. இதனை ஆன்மிகப் போராட்டமாகப் படிக்கவும் இடமுண்டு. நாவலையோ அதன் ஆசிரியரையோ ஒரு நோய்க்குறிப்பாகச் சுருக்குவது எம் நோக்கமன்று. ஆயினும் குரல் கேட்பவனுக்கு அக்குரல் கற்பனையன்று, புலனுண்மை என்பதை இந்நாவல் உணர்த்துகின்றது. 'அப்படி ஒன்றுமில்லை, மனதைத் திடப்படுத்து' என்னும் அறிவுரை ஏன் பயனற்றது என்பது இதனாற் புலனாகும்.

முற்போக்காளரிடமும் ஒரு குறை உண்டு. ஆர். டி. லெயிங் முதலியோரின் 1960களின் எழுத்துக்களால் ஈர்க்கப்பட்டு, பைத்தியம் என்பது பைத்தியக்காரச் சமுதாயத்தின் விளைவே எனக் கூறி அமைவோர் நம்மிடையே உளர். வறுமை, புலப்பெயர்வு, நகர வாழ்வின் நெருக்கடி ஆகியன நோய்க்கான வாய்ப்பை மிகுவிப்பன என்பது மெய்யே. பரம்பரையும் தனித்து விதியாவதில்லை. ஒத்த இரட்டையருள் ஒருவர் நோயுற்றால், மற்றவரும் நோயுறுவது பாதிக்கும் குறைவான இணைகளிலேயே. ஆனால் சமூகக் காரணத்தைக் காட்டி நோயையே மறுப்பது, 1952இலிருந்து பயன்பாட்டுக்கு வந்த மருந்துகளின் பயனை ஏழை நோயாளனுக்கு மறுப்பதாகவே முடியும். போருக்குப் பிந்திய நம் சூழலில் உளத்துயர் அனைத்தையும் போரின் கணக்கிலே எழுதுவதும் இதையொத்த தவறே. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூல் போரின் உளக்காயங்களை உலகறியச் செய்தது, அப்பணி பெரிது. எனினும் போர் இல்லாத நாடுகளிலும் சிசோபிரீனியா உண்டு. போர் ஓய்ந்தமையால் அது ஓயப்போவதுமில்லை.

இனி, நம் குடும்ப அமைப்பே சிறந்த மருந்து என்னும் பெருமிதம். இலங்கை நோயாளரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த நான்சி வக்ஸ்லர், அவர்களிற் பலர் நன்கு தேறியமையை 1979இல் எடுத்துக்காட்டினார். நோயைப் புறக்காரணத்தால் வந்து போவதாகக் கருதி, நோயாளனுக்குரிய இடத்தைக் குடும்பம் விடாது காத்தமை அதற்குத் துணையாயிற்று என்பது அவர் விளக்கம். நாம் மகிழத்தக்க முடிவுதான். ஆனால் 2001 ஓகத்து 6ஆந் திகதி, தமிழ்நாட்டின் ஏர்வாடியில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் தீயில் வெந்து மடிந்தனர். இறந்தோர் 28 பேர். அவர்களையும் கொண்டுவந்து விட்டவை குடும்பங்களே. குடும்பத்துக்குத் துணை இல்லாதவிடத்து அன்பும் சங்கிலியாகிவிடும்.

சுன்னாகத்திலிருந்து மல்லாகம் கடந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே சென்றால் தெல்லிப்பழை வைத்தியசாலையின் உளநல விடுதியை அடையலாம். வழி குறுகியது. அதனை நெடுவழியாக்குவது 'விசர் ஆசுப்பத்திரி' என்னும் நம் பேச்சே. மருந்தும், குடும்பத்தின் பொறுமையும், தொழிலும், ஊராரின் மதிப்பும் ஒருங்கே கிடைத்தால் நோயாளர் பலர் பயனுள்ள வாழ்வு வாழ்வர். அவர்களைச் சித்தராக்கவும் வேண்டா, பேயாக்கவும் வேண்டா, சமுதாயத்தின் குறியீடாக்கவும் வேண்டா. நோயுற்ற மனிதராகக் காண்போம். முதலில் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்போம்.