அறத்திற்கு இடம் உண்டா?

செப்டம்பர் 5ஆம் நாள் வந்தால் திருத்தணியில் டாக்டர் இராதாகிருஷ்ணனின் படத்திற்கு மாலைகள் விழும். குடியரசுத் தலைவர், தத்துவ மேதை, நல்லாசிரியர் என்னும் மூன்று சொற்களும் மேடைதோறும் ஒலிக்கும். அவர் எதைச் சொன்னார், யாருக்கு மறுமொழியாகச் சொன்னார், அம்மறுமொழி நிலைத்து நிற்கிறதா என்று வினவுவோர் அரியர். இவ்வூர் மண்ணில் பிறந்த ஓர் அறிஞருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அவரோடு வாதிடுவதே எனக் கருதுகிறோம். ஆகவே, 1908இல் அவர் வெளியிட்ட முதல் நூலையும், அதற்கு வித்திட்ட வாதத்தையும், அவ்வாதம் பின்னர்ச் சென்ற வழியையும் ஈண்டு ஆராய விழைகிறோம். ஆங்கிலத்தில் அமைந்த அச்சிறுநூலின் தலைப்பை 'வேதாந்தத்தின் அறவியலும் அதன் மெய்யியல் முற்கோள்களும்' எனத் தமிழில் தரலாம்.

1888இல் இங்கே தெலுங்கு பேசும் குடும்பமொன்றில் பிறந்த அவர், திருப்பதியில் லூத்தரன் மறைப்பணியாளர் நடத்திய பள்ளியிலும், வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். மெய்யியலைப் பாடமாக எடுத்ததற்குக் காரணம், அப்பாடத்தை முடித்த உறவினர் ஒருவர் தம் புத்தகங்களைக் கொடுத்ததுதானாம். மேதைமையின் தொடக்கத்தில் சில வேளை புத்தக விலையும் நிற்கிறது போலும்! அக்காலத்தில் கிறித்தவ விமரிசகர்கள் எழுப்பிய குற்றச்சாட்டு கூர்மையானது: வேதாந்தத்தில் அறத்திற்கு இடமில்லை. உலகம் மாயை எனில் நன்மை தீமை என்ற வேறுபாடும் மாயைதானே? ஆன்மாவே பிரம்மம் எனில், நாம் அன்புகூர வேண்டிய அயலான் யார்? அந்த அறைகூவலே தம்மை இந்து சமயத்தை ஆராயத் தூண்டியது என அவரே பின்னாளில் எழுதினார்.

அவருடைய பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் 1903இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து நாட்டவர். 'கர்மமும் மீட்பும்' என்னும் பொருள்பட அவர் எழுதிய நூல் 1909இல் வெளிவந்தது. கர்மக் கோட்பாட்டை மூடநம்பிக்கை என அவர் ஒதுக்கவில்லை. காரணமின்றி ஒருவன் ஏன் துன்புறுகிறான் என்ற மனிதக் கதறலுக்கு அது ஒரு கண்ணியமான விடை என ஏற்றுக்கொண்டார். பின்னரே தம் மறுப்பைச் சொன்னார்: கர்மம் பிரபஞ்சத்தை ஒரு நீதிமன்றமாகக் காண்கிறது, அவரவர் கணக்கு அவரவருக்கு. ஆனால் அறவாழ்வில் ஒருவருடைய பாவத்தின் சுமையை மற்றொருவர் தாங்க முடிகிறது, அத்துன்பம் தண்டனையன்று. எதிராளியின் கருத்தை அவர் சொல்வதைவிடச் செம்மையாகச் சொல்லிவிட்டு மறுக்கும் இந்த நேர்மை, சமய வாதங்களில் நாம் அடிக்கடி காண்பதன்று. ஆசிரியர் மனம் புண்படுமோ என்று மாணவர் அஞ்சியிருக்க, ஹாக் அந்த ஆய்வுரையைப் பாராட்டி நற்சான்று அளித்தார். தம் சமயக் கொள்கைக்கு மறுப்பாக எழுந்த கட்டுரைக்கு மறைப்பணியாளர் ஒருவர் வழங்கிய சான்று அது! நூலாசிரியரோ பிற்காலத்தில் அதனை இளமைக்கால ஆரவார எழுத்து என்று நாணத்துடன் குறிப்பிட்டார். நாம் அவ்வளவு கடுமையாகத் தீர்ப்பிட மாட்டோம்.

மாயையைப் பற்றி இராதாகிருஷ்ணன் வளர்த்தெடுத்த விளக்கம் வலுவானது. உலகம் வெறும் பொய்த்தோற்றம் அன்று. தன்னைத் தானே தாங்கி நிற்காதது, பரம்பொருளைச் சார்ந்தே உள்ளது என்பதே அதன் பொருள் என்றார் அவர். படைப்பு இறைவனைச் சார்ந்தே இருப்புப் பெறுகிறது என்று புனித தாமஸ் அக்குவினாரிடம் பாடம் கேட்ட நமக்கு, இது முற்றிலும் அந்நியமான மொழியன்று. இந்த இடத்தில் மாணவர் பக்கமே நம் தீர்ப்பு சாய்கிறது.

கர்மத்தைப் பற்றிய விளக்கமே நம்மைத் தடுமாற வைக்கிறது. 1927இல் வெளிவந்த 'இந்து வாழ்க்கை நோக்கு' என்னும் நூலில் அவர் ஓர் உவமை தருகிறார். சீட்டாட்டத்தில் நம் கைக்கு வரும் சீட்டுகளை நாம் தெரிந்தெடுப்பதில்லை. ஆனால் அவற்றைக் கொண்டு எவ்வாறு ஆடுவது என்பது நம் உரிமை. கடந்தகாலம் கட்டுகிறது, எதிர்காலம் திறந்திருக்கிறது என்பது கருத்து. உவமை அழகியதே. ஆனால் சீட்டுகளைப் பங்கிட்டவர் யார்? சேரியில் பிறந்த குழந்தையின் கையில் விழுந்த சீட்டை முற்பிறவியா பங்கிட்டது, ஊரா பங்கிட்டது? நல்ல சீட்டுகள் வாய்த்தவருக்கே இவ்வுவமை இனிக்கும். தீண்டாமையை அவர் கண்டித்தார் என்பதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் அதே நூலில் சாதியமைப்பின் தோற்றத்திற்கு அவர் காட்டும் பரிவு, அதன் அடியில் நசுங்கியவர் பக்கம் போதிய அளவு திரும்பவில்லை.

இதை நமக்கு முன்பே கண்டவர் டாக்டர் அம்பேத்கர். இந்து நாகரிகம் நெடுங்காலம் நிலைத்திருப்பதையே அதன் தகுதிக்குச் சான்றாக இராதாகிருஷ்ணன் காட்டியதை எடுத்துக்கொண்டு, 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அவர் கேட்ட கேள்வி இதுதான்: வாழ்ந்திருப்பது பெரிதா, எந்த நிலையில் வாழ்கிறோம் என்பது பெரிதா? அவர் மறைந்தபின் 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இன்னும் ஒரு படி சென்றார். முற்பிறவி வினையென்னும் கொள்கை, ஏழை எளியோரின் நிலைக்குரிய பொறுப்பிலிருந்து அரசையும் சமூகத்தையும் விடுவித்து விடுகிறது என்றார். சென்னை வகுப்பறையில் எழுந்த வினாவிற்கு உரிய கனம் இங்குதான் கிடைத்தது எனத் துணிவோம். வேதாந்தத்தில் அறத்திற்கு இடமுண்டா என்று கேட்டவர்களும் மறுத்தவர்களும் மெய்யியலுக்குள்ளேயே விடை தேடினர். அம்பேத்கரோ தெருவில் தேடினார்.

இதைப் படிக்கும் நம் மக்கள் மகிழ்ந்துகொள்ள வேண்டாம். கர்மத்தை மறுக்கும் மறைக்கல்வியை நாம் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தோம். கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கினோம். ஹாக் போற்றிய 'பிறருக்காகச் சுமக்கும் துன்பம்' என்னும் கருத்தும் ஆபத்தற்றதன்று. அது சுமப்பவர் தாமே விரும்பி ஏற்கும்போது மட்டுமே மீட்பளிக்கிறது. கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணிடம், "சிலுவையைச் சும, அம்மா" என்று மேடையிலிருந்து அருளாளர் ஒருவர் கூறினால், அச்சொல்லுக்கும் "உன் தலைவிதி" என்ற சொல்லுக்கும் வேறுபாடு ஏது? இந்த வினாவை ஹாக் எதிர்கொள்ளவில்லை. எதிர்கொள்ளுமாறு அவரை யாரும் நெருக்கவுமில்லை.

அறத்தைப் பற்றிய வினா இறுதியில் மனத்தைப் பற்றிய வினாவில் போய் முட்டுகிறது. நன்மையைத் தெரிந்துகொள்ளும் மனம் உண்மையில் உண்டா, அது சடப்பொருளின் ஓர் அசைவுதானா? இவ்வையம் நமக்குப் புதிதன்று. கட்டியும் பூவும் கூடிப் புளிக்கையில் மதுவின் களிப்புத் தோன்றுவதுபோலப் பூதங்கள் கூடியதும் உணர்வு தோன்றுகிறது என மணிமேகலைக் காப்பியத்தில் பூதவாதி வாதிடுகிறான். இராதாகிருஷ்ணன் 1932இல் நூலாக வந்த ஹிப்பர்ட் சொற்பொழிவுகளில் அறிவியலின் இந்த அறைகூவலை ஏற்று, மனத்தைச் சடத்தில் அடக்க இயலாது என வாதிட்டார். மூளையின் இயக்கத்தை வரைபடமாக்கும் இக்காலத்தும், அவ்வியக்கத்தோடு அனுபவம் என்பது ஏன் உடன்வர வேண்டும் என்ற வினாவை டேவிட் சால்மர்ஸ் 1995இல் 'கடினமான சிக்கல்' என்று பெயரிட்டு எழுப்பினார். அது இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆகவே இதில் இராதாகிருஷ்ணன் தோற்றுவிடவில்லை. நம் மனக்குறை வேறு. வாதத்தின் உச்சியில் அவர் உள்ளுணர்வைத் துணைக்கு அழைக்கிறார். அது அறிவுக்குப் பகையன்று, அறிவின் நிறைவு என்கிறார். இருக்கலாம். ஆனால் அவ்வுணர்வு வாய்க்காதவரிடம் என்ன சொல்வது? நம் மறைநூலை ஏற்காதவரோடு வாதிடும்போது, அனைவர்க்கும் பொதுவான இயற்கை அறிவையே துணைக்கொள்ள வேண்டும் என்றார் அக்குவினார். அந்தக் கட்டுப்பாட்டை நாமும் பல நேரம் மீறுகிறோம் என்பது தனிக்கதை.

மகிழ்ச்சி எது என்பதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பெரிய பிணக்கில்லை. புலனின்பம் வாழ்வின் நோக்கமன்று என்பதில் இருவரும் உடன்பட்டனர்.

இவ்வாதம் முழுவதும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பதினேழாம் நூற்றாண்டிலேயே தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி மறுபிறப்புக் கொள்கையைத் தமிழிலேயே மறுத்து எழுதினார். அவருடைய உரைநடை இன்று கரடுமுரடாகத் தோன்றலாம். ஆனால் அது தமிழரோடு நேரே பேசியது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து இம்மலையேறும் அன்பர்களின் வாழ்வைப் பற்றியே கர்ம விவாதம் நடந்தது. அவர்கள் காதில் அது விழவில்லை.

ஹாக் என்ன ஆனார்? 1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய அனைத்துலக மறைப்பணி மாநாட்டில், பிற சமயங்களுக்கும் கிறித்தவ வெளிப்பாட்டிற்கும் இடையே தொடர்ச்சியே இல்லை என்னும் ஹெண்ட்ரிக் கிரேமரின் கோட்பாட்டை அவர் எதிர்த்து நின்றார். கிறித்தவரல்லாதாரின் உள்ளத்திலும் மெய்யான இறைநம்பிக்கை உண்டு, அதற்கு இறைவன் மறுமொழி தருகிறார் என்று வாதிட்டார். திருத்தணி மாணவரின் கட்டுரையைத் திருத்திய நாள்களுக்கு அதில் பங்குண்டு என்பது நம் ஊகம். கத்தோலிக்கத் திருச்சபை பிற சமயங்களிலுள்ள உண்மையையும் தூய்மையையும் தான் புறக்கணிப்பதில்லை எனச் சங்க ஏட்டில் அறிவித்தது அதற்கும் இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1965 அக்டோபர் 28ஆம் நாள்.