பளிங்கும் பால்மங்கும்

திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் 71ஆம் அதிகாரத்தில் வரும் பளிங்கு உவமை படிப்பதற்கு எளிது. பொருள் கொள்வதில்தான் உரைகள் வேறுபடுகின்றன. தன்னைச் சார்ந்த பொருளின் நிறத்தைப் பளிங்கு தானே ஏற்றுக் காட்டும் என்பது 706ஆம் குறளுக்குப் பரிமேலழகர் கண்ட பொருள். டாக்டர் மு. வரதராசனார் நிறம் என்பதை விடுத்து, அடுத்த பொருளையே பளிங்கு காட்டும் என்றார். ஜி. யு. போப் 1886இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்போ, சுற்றியுள்ள உருவங்கள் அதில் தெரிவதாகவே கூறிற்று. விளைவு, வகுப்பறைகளில் பளிங்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. மாணவரும் தேர்வுத்தாளில் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகின்றனர்.

நிறமா, உருவமா என்னும் இவ்வேறுபாடு சிறிதன்று. இதனைத் தீர்க்கப் பெரிய நூலகமும் வேண்டுவதில்லை. நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளின் பாட்டன்மார் நாள்தோறும் கையாண்ட பொருளே சான்று கூறும். பால்மரத்தில் கட்டிய மங்குகளுள் மண்ணாலானவையும் இருந்தன, கண்ணாடியாலானவையும் இருந்தன. பிளாஸ்டிக் பின்னர் வந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் அவை இன்று பழம்பொருள்கள்.

அத்தகைய கண்ணாடி மங்கு ஒன்றைப் படம் எடுக்க முனைபவர் முதலில் அடைவது ஏமாற்றமே. முன்னிருந்து சிவப்பு விளக்கைப் பாய்ச்சினால் மங்கு சிவப்பதில்லை. சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பில் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கே திரும்புகிறது. பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடுகிறது. திரும்பிய அச்சிறு பங்கு விளக்கின் உருவமாகவும், சன்னலின் உருவமாகவும், சில வேளைகளில் படம் எடுப்பவரின் உருவமாகவும் மங்கின் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். ஆதலின் தொழிலறிந்தவர் வண்ண விளக்கை மங்கின்மேல் காட்டார். அதன் பின்னே வெள்ளைத் தாளையோ துணியையோ நிறுத்தி, அதன்மேல் வண்ண ஒளியை விழச் செய்வார். உடனே மங்கு முழுதும் அவ்வண்ணத்தை ஏற்கும். இருமருங்கிலும் கறுப்பு அட்டை வைத்தால் விளிம்புகள் கருங்கோடாகத் தெளியும். வேண்டாத பிம்பங்களை, விளக்கை இடம் மாற்றியும் மறைப்பு வைத்தும் நீக்குவார்.

இங்கே பரிமேலழகர் வெல்கிறார். பளிங்கில் உருவமும் தெரியாதோ என்று வினவலாம். தெரியும்; ஆனால் அவ்வுருவங்களே படம் எடுப்பவர் களைய முற்படும் குறைகள். கலம் முழுதும் தனதாக்கிக் கொள்வது, பின்னிருந்து வரும் நிறத்தை மட்டுமே. மேலும், முகம் பார்க்கும் கண்ணாடி தன் எதிரே நிற்பதைக் காட்டுவது. நெஞ்சமோ முகத்திற்கு எதிரே நிற்பதன்று. பின்னே, உள்ளே இருப்பது. எதிரே நிற்பவரின் உருவத்தைக் காட்டும் முகத்தால் குறிப்பறிவார்க்கு என்ன பயன்? மகிழ்ச்சியாயினும் சினமாயினும் முகமே முந்திக்கொள்ளும் என்னும் 707ஆம் குறளும் இவ்வழியேதான் பொருந்துகிறது. சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு, உயிர் சார்ந்ததன் வண்ணமாதலுக்குப் படிகத்தை உவமை கூறும் மரபு இங்கு நினைவுக்கு வரும்.

ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகிய ஃபாக்ஸ் டால்பட், 1844இல் வெளியிடத் தொடங்கிய 'இயற்கையின் பென்சில்' என்னும் நூலில் கண்ணாடிக் கலங்களின் படம் ஒன்றைச் சேர்த்தார். வெள்ளைப் பீங்கானையும் கண்ணாடியையும் ஒருங்கே எடுத்தால் படம் சிறப்பதில்லை என்று அவர் கண்டார். பீங்கான் தன் மிகு ஒளியால் முந்திப் பதிந்துவிடும், கண்ணாடி பின்தங்கும். பால் நிறைந்த மங்கிலும் இதுவே நேர்கிறது. வெண்மை முந்திக்கொள்ள, கலம் மறைகிறது. தோட்டப்புறச் சிறுகதைகள் சிலவற்றிலும் துயரம் இவ்வாறு முந்திப் பதிந்து, துயருற்றவரின் முகம் பதியாமலே போவதுண்டு.

பழைய மங்கினை நினைவுப் பொருளாகப் படம் எடுப்போர் பின்னணியில் ஊதாவையும் பொன்னிறத்தையும் ஏற்றி, அதனை அணிகலனாக்கிவிடுவதும் உண்டு. கண்ணுக்கு அழகுதான், மங்கும் மறுப்பதில்லை, எதைக் கொடுத்தாலும் ஏற்கும். ஆயினும் அதன் பின்னே என்றும் இருந்தவை மரப்பட்டையின் பழுப்பும், நிரைகளின் பசுமையும், விடியுமுன் பால் வெட்ட வந்தவரின் தலைவிளக்கு மஞ்சளும் ஆகும். அவற்றை அகற்றிவிட்டு எடுத்த படம் ஒரு கண்ணாடிக் கலத்தின் படமாகலாம்; தோட்டத்தின் படமாகாது. பின்னணியைத் தேர்வது படம் எடுப்பவரின் உரிமை என்பர் சிலர். உரிமைதான். ஆனால் அத்தேர்வே அவருடைய உரையுமாகும். பரிமேலழகரைப் போல் அவரும் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

வகுப்பறைக்கு ஒளிப்படக் கருவியும் தேவையில்லை. ஒரு கண்ணாடிக் குவளையும் ஒரு சிவப்புத் தாளும் போதும். தாளை மாணவர் பக்கம் குவளைக்கு முன்னே சற்று விலக்கிப் பிடித்தும், பிறகு குவளைக்குப் பின்னே பிடித்தும் காட்டினால், எந்த உரை பொருந்தும் என்பதை நான்காம் ஆண்டு மாணவனே சொல்லிவிடுவான்.